அப்பாவின் ஆண்டு நினைவு நோட்டீசில் என்ன எழுதலாம்?

அருமனைக்காரி

வணக்கம். அடுத்த மாதம் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. தம்பி மார்த்தாண்டத்தில் ஒரு அச்சகத்தில் நினைவு நோட்டீசுக்குச் சொல்லிவிட்டான். அங்கிருந்து மாதிரி வாசகம் வாட்ஸப்பில் வந்திருக்கிறது. "அன்பின் இருப்பிடமே, உழைப்பின் சிகரமே, குடும்பத்தின் குலவிளக்கே" என்று போகிறது. பெயரையும் படத்தையும் மாற்றினால் எங்கள் பஞ்சாயத்தில் இறந்த யாருக்கும் பொருந்தும். படமும் ஆதார் அட்டைக்கு எடுத்தது. முறைத்துக்கொண்டிருக்கிறார். நேரில் அப்படிப்பட்ட ஆளே இல்லை.

வாசகத்தை நான் எழுதித் தருகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஆனால் பேனாவை எடுத்தால் எனக்கும் உழைப்பாளி, பாசமானவர் என்றுதான் வருகிறது. அதனால் இங்கே கேட்கிறேன். அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எதை வைப்பது, எதை விடுவது என்று சொல்லுங்கள்.

அப்பா ரப்பர் வெட்டுக்காரர். மீசை முளைக்கிற வயதில் களியல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கத்தி பிடித்தவர். அப்புறம் சின்னச் சின்ன விளைகளில், அதாவது தோட்டங்களில் வெட்டினார், சிலது கூலிக்கு, சிலது பாதி வாரத்துக்கு, அதாவது வருமானத்தில் பாதிப் பங்குக்கு. வெளுப்பாங்காலம், விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். கருப்பட்டிக் காப்பி ஒரு தம்ளர், நெற்றியில் டார்ச் லைட், இடுப்பில் கத்தி. முந்நூறு மரத்துக்குக் குறையாது. வெயில் ஏறியதும் ஒவ்வொரு மரமாகச் சிரட்டையில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி எடுக்க வேண்டும். வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மறுநாள் மிஷினில் போட்டு ஷீட்டு அடிக்க வேண்டும். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, குத்தகைக்கு எடுத்த இடத்தில் மரச்சீனி மண் அணைக்கப் போவார். இளம் ரப்பர் நட்ட விளையில் முதல் இரண்டு மூன்று வருஷம் நடுவில் கிழங்கோ வாழையோ போடலாம் இல்லையா, அதுதான்.

மழைக்காலத்தில் மரம் நனைந்தால் வெட்ட முடியாது, பால் பட்டையெல்லாம் வழிந்து போகும். பிளாஸ்டிக் கட்டிய மரத்தில் மட்டும் வேலை உண்டு. இல்லையென்றால் கூலியும் இல்லை. எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் கடையில் பற்று எழுதுவது தொடங்கும். அந்த மாதங்களில் அப்பா முகத்தைப் பார்த்தே எங்களுக்கு நிலவரம் தெரியும்.

மூன்று பிள்ளைகள். எல்லோரும் படித்தோம். நான் ஆசிரியை, தங்கை நர்ஸ், தம்பி வளைகுடாவில் இருந்துவிட்டு இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறான். ஓலை வீடு ஓட்டு வீடாகி, பிறகு கான்கிரீட் ஆனது. அப்பா சட்டைகளில் மட்டும் கடைசி வரை பால் கறை போகவில்லை. ரப்பர் பால் காய்ந்து ஒட்டினால் எந்த சோப்புக்கும் போகாது. கல்யாண வீட்டுக்கென்று ஒரே ஒரு வெள்ளைச் சட்டை தனியாக வைத்திருந்தார்.

இதில் எது நோட்டீசில் வரலாம்?

பனைவிளை

இரங்கல்கள் அக்கா. எது வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வரியிலேயே "ரப்பர் வெட்டுக்காரர்" என்று போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்து நிற்கும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. கருங்கல் பக்கம் என் அப்பா பனையேறி. அவர் இறந்தபோது நோட்டீசில் "பனையேறி" என்று போட வேண்டும் என்று நான் சொன்னேன். சித்தப்பாமார் அத்தனை பேரும் எதிர்ப்பு. "விவசாயி"ன்னு போடு, "தொழிலதிபர்"ன்னுகூடப் போடு, அது மட்டும் வேண்டாம் என்றார்கள். பெண் எடுக்கிற இடத்தில், கொடுக்கிற இடத்தில் எல்லாம் கேள்வி வருமாம். அப்பா ஏறிய பனையில் கிடைத்த காசில்தான் அவர்களும் சாப்பிட்டார்கள், அது வேறு விஷயம்.

கடைசியில் போட்டேன். படத்தோடு அவருடைய பனையேற்றுக் கருவிகளான முருக்குத்தடியும் அருவாப்பெட்டியும் வைத்து அச்சடித்தேன். ஒரு சித்தப்பா அடியந்திரத்துக்கு (இறந்தவருக்கான சடங்குச் சாப்பாட்டுக்கு) வந்து சாப்பிடாமல் போனார். அடுத்த வாரம் அவரே வந்து, மீதி நோட்டீஸ் இருக்கிறதா என்று கேட்டு இரண்டு வாங்கிப் போனார்.

மட்டிப்பழம்

ஆழ்ந்த இரங்கல் சகோதரி. ஆன்மா சாந்தியடையட்டும்.

ஓய்வுக்காலம்

நான் ரப்பர் துறையில் கள வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோட்டீசில் என்ன எழுதுவது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அப்பா செய்த வேலை எப்படிப்பட்டது என்று இங்கே படிக்கிற இளைஞர்களுக்குச் சொல்லலாம். பலர் ரப்பர் வெட்டு என்றால் மரத்தில் கீறிவிட்டு வருவது என்று நினைக்கிறார்கள்.

பால் ஓடும் குழாய்கள் மரத்தின் உள்பட்டையில் இருக்கின்றன. அவை நேர் மேலாகப் போவதில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் இருக்கும்படி, ஒட்டு மரத்துக்கு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் போடுவது. அப்போதுதான் கூடுதல் குழாய்கள் அறுபடும். பட்டைக்கு அடியில் மரம் வளர்கிற மெல்லிய அடுக்கு இருக்கிறது. கத்தி அதைத் தொடக் கூடாது. தொடாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்ட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும், கூடினால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அங்கே இரண்டாம் சுற்று வெட்டவே முடியாது. ஒவ்வொரு முறையும் சீவுகிற பட்டையும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் மரத்தின் ஆயுள் போய்விடும்.

இத்தனையும் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், காலில் அட்டை கடிக்க, ஒரு மரத்துக்கு அரை நிமிஷம் போல எடுத்துச் செய்வது. ஏன் இருட்டில்? விடியலுக்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அதனால் பால் நன்றாக ஓடும். வெயில் வந்து இலை நீரை இழுக்கத் தொடங்கியதும் ஓட்டம் குறையும்.

நல்ல வெட்டுக்காரர் யார் என்று தெரிய அவரைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் பத்து வருஷம் வெட்டிய மரத்தில் புதுப் பட்டையைத் தடவிப் பார்த்தால் போதும்.

சூளைத்தீ

எல்லோரும் சேர்ந்து உருகிக்கொண்டிருக்கிறோம். நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், அருமனைக்காரி கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்று மணிக்கு எழுந்தார், சாயந்தரம் வரை வேலை செய்தார். இதைப் பெருமை என்று நோட்டீசில் போடுவதா? என் ஊர் ஆரல்வாய்மொழி. எங்கள் பக்கச் செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒவ்வொருவர் வீட்டிலும் இதே கதைதான். இறந்த பிறகு "அயராத உழைப்பாளி" என்று ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அயர்ந்தால் அன்றைக்குச் சோறு இல்லை என்பதை எந்த ஃபிளெக்ஸிலும் போடுவதில்லை. பெருமை பேசப் பேச, அப்படி உழைக்க வைத்தவர்கள் பெயர் மறைந்துபோகிறது.

1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வாரம் ஒரு நாள் ஓய்வும், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் கூலியுடன் விடுப்பும் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அது 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டங்களுக்கு. அப்பா எஸ்டேட்டை விட்டுச் சின்ன விளைகளுக்கு வந்ததும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வந்துவிட்டார். மழைக்காலத்தில் கடையில் பற்று எழுதினார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதுதான் அந்தச் சட்டம் கைவிட்ட இடம்.

இன்னொன்று. இத்தனை நீளப் பதிவில் அம்மா எங்கே? முந்நூறு மரத்துப் பாலையும் ஒரு ஆள் வாளியில் ஏந்தி, வடிகட்டி, ஷீட்டும் அடித்துவிட்டாரா? நம்ப முடியவில்லை.

நாஞ்சில்நாடன்பன்

சூளைத்தீ, இது ஆண்டு நினைவு நோட்டீஸ். தொழிற்சங்க மாநாட்டுத் தீர்மானம் இல்லை. அப்பாவை இழந்த பிள்ளையிடம் இப்படியா பேசுவது?

என் கருத்து எளிமையானது. நோட்டீஸ் ஊருக்கு. ஊர் நின்று படிக்காது. படம், தேதி, நேரம், சாப்பாடு எங்கே என்று பார்ப்பார்கள், மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள். அச்சகத்துக்காரன் அந்த நாலு வரியைப் பல வருஷமாக எழுதிவருகிறான் என்றால் அதில் காரணம் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு விவரம் தேவையில்லை, தெரியாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. கட்டுரை எழுத வேண்டுமானால் தனியாக எழுதி வீட்டில் வையுங்கள், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

அருமனைக்காரி

கோபமெல்லாம் இல்லை. சூளைத்தீ கேட்டது வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது அம்மா. அப்பா வெட்டி முடிக்கும்போது அம்மா விளைக்கு வந்துவிடுவாள். எங்களுக்குப் புட்டும் பயிறும் செய்து வைத்து, பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு. பால் எடுப்பது பெரும்பாலும் அவள்தான். அப்பா மேல்வரிசை, அவள் கீழ்வரிசை. சிரட்டையில் ஒட்டிக் காய்ந்ததையும் வெட்டுச்சாலில் காய்ந்து நூலாகக் கிடப்பதையும் பிடுங்கிச் சேர்ப்பது முழுக்க அவள் வேலை. அந்த ஒட்டுப்பாலை விற்று வருகிற காசு தனியாக ஒரு பவுடர் டப்பாவில் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடச் செலவு அந்த டப்பாவில்தான் போனது. கூலி அப்பா கையில்தான் வந்தது. அம்மாவுக்கென்று தனியாக யாரும் எண்ணிக் கொடுத்ததில்லை.

இரண்டாவது, அப்பா. அவரை வெறும் பாவப்பட்ட ஆளாக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு சம்பவம். 2011ல் ரப்பர் விலை கிலோ 240 ரூபாயைத் தொட்டது, ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அப்பா வாரத்துக்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு விளையின் உடமைக்காரர், ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுகிறதை நிறுத்து, இனி தினமும் வெட்டு என்றார். மழை வராத நாளெல்லாம் வெட்டு. பாதி வாரம் என்பதால் அப்பாவுக்கும் இரட்டைக் காசு. தங்கைக்கு நர்சிங் சேர்க்கப் பணம் கட்ட வேண்டிய நேரம் அது.

அப்பா மாட்டேன் என்றார். "மரம் ரெண்டு கொல்லத்துல (வருஷத்துல) பட்டை மரத்துப் போவும். நான் வெட்டுன மரத்த நானே கெடுக்க மாட்டேன்" என்று சொல்லிக் கத்தியை உறையில் போட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டில் அம்மா சத்தம் போட்டாள். மரம் அவருக்க மரம், உமக்கென்ன என்று. நியாயமான சத்தம்தான். தங்கைக்குப் பணம் கட்ட அம்மாவின் கம்மல் போனது. அந்த விளையில் வேறு ஆள் வந்து தினமும் வெட்டினார்.

இதில் யாரும் அவரை உழைக்க வைக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னது அவர். அதற்கான விலையை அம்மா கொடுத்தாள். இந்த இரண்டையும் சேர்த்து எப்படி நாலு வரியில் எழுதுவது என்பதுதான் என் சிக்கல்.

ஓய்வுக்காலம்

அப்பா சொன்னது அறிவியல்படி மிகச் சரி. அது ஆர்ஆர்ஐஐ 105 ரக மரமாக இருந்திருக்கும், நம் பக்கம் பெரும்பாலும் அதுதான். 1980ல் வெளிவந்த ரகம். பால் அதிகம், ஆனால் அளவுக்கு மீறி வெட்டினால் தாங்காது. பட்டை வறண்டு பால் நின்றுவிடும். நின்ற இடத்தில் பழுப்பாக விரிசல் விடும், மருந்து கிடையாது. இப்போது மூன்று நாளுக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை என்று இடைவெளியைக் கூட்டத்தான் பரிந்துரைக்கிறோம்.

அந்த விளை பிறகு என்ன ஆனது?

அருமனைக்காரி

நாலு வருஷத்தில் பாதி மரம் நின்றுபோனது. அதற்குள் விலையும் விழுந்துவிட்டது. 2016 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்குக் கீழே வந்தபோது நல்ல மரத்தையே பலர் வெட்டாமல் போட்டார்கள். அப்பா அப்போது கான்கிரீட் வேலைக்கு சிமெண்ட் சுமந்தார். மிச்சத்தை 2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் முறித்தது. மறுநாள் அப்பா வெட்டுகிற விளையெல்லாம் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். விழுந்த மரங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவே அதற்கும் கூலிக்குப் போய்த் தடி அறுத்துக் கொடுத்தார். வேறு வேலை ஏது.

தூத்தூர்க்கடல்

ஒக்கி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சி, கோவா, குஜராத் பக்கம் வரை போய் வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். அந்த நவம்பரில் எச்சரிக்கை வருவதற்கு முன்பே போன படகுகள் நிறைய. அதில் ஒன்றில் என் அப்பா. உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் இறந்தார் என்று கொள்ள 7 வருஷம் ஆக வேண்டும் என்பது சட்டம். எங்கள் விஷயத்தில் அரசு அதற்குத் தளர்வு கொடுத்தது, சான்றிதழ் வந்தது. நோட்டீசில் 30.11.2017 என்று போடுகிறோம். அந்த நாள்தானா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நாஞ்சில்நாடன்பன் அண்ணா, தெரிந்தவர்களுக்கு விவரம் வேண்டாம் என்கிறீர்கள். எங்களுக்கு அப்பாவைத் தெரியவே தெரியாது. வருஷத்தில் முக்கால்வாசி கடலில். கரைக்கு வந்தால் பத்து நாள், அதில் பாதி வலையும் தூண்டிலும் சரிசெய்யப் போய்விடும். சின்ன வயதில் எனக்கு அவரிடம் பேசக் கூச்சம், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. குடும்பத்துக்காக வாழ்ந்தவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், குடும்பத்தோடு வாழ்ந்தது ரொம்பக் குறைவு.

அவரைப் பற்றி என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. கடலுக்குப் போகிற அன்று காலையில் வீட்டில் இருக்கிற குடம், வாளி, அண்டா, சருவம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து நிறைத்து வைத்துவிட்டுப் போவார். அம்மாவுக்குக் கால்வலி, பொதுக்குழாயில் வரிசை நிற்க முடியாது. இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் செய்வார். இதை எந்த நோட்டீசிலும் நாங்கள் போடவில்லை. அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள், அச்சகத்து வரியைப் போட்டு வீணாக்காதீர்கள்.

நாஞ்சில்நாடன்பன்

தம்பி, உன் பதிவைப் படித்தேன். நோட்டீஸ் பற்றி என் கருத்து அதேதான், ஆனால் அந்தத் தண்ணீர்க் குடத்தை அடுத்த நவம்பரில் போடு.

சூளைத்தீ

கம்மல் போன கதையைச் சொன்னதற்கு நன்றி அருமனைக்காரி. அவர் மறுத்தது பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு தொழிலாளி மரத்தின் பக்கம் நின்று உடமைக்காரரிடம் முடியாது என்று சொல்வது எங்கள் சூளையில் நான் பார்க்காதது.

ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. ஒட்டுப்பால் காசில்தான் பள்ளிக்கூடச் செலவு நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் "பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்" என்ற வரி யாருக்குப் போக வேண்டும்?

பனைவிளை

சூளைத்தீ சொல்வது எங்கள் தொழிலில் இன்னும் கூடுதல். அப்பா காலையும் மாலையும் பனை ஏறி அக்கானி (பதநீர்) இறக்குவார். அதை ஊர் பார்க்கும், உயரத்தில் நிற்கிறவரை யாரும் பார்ப்பார்கள். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவுவது, இறக்கிய அக்கானியை விடிலியில் (காய்ச்சுகிற குடிசையில்) அடுப்பு முன்னால் நின்று மணிக்கணக்கில் காய்ச்சுவது, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது எல்லாம் அம்மா. பதம் ஒரு நிமிஷம் தப்பினால் அன்றைய ஏற்றம் முழுவதும் வீண். கருப்பட்டி அம்மாவின் கையில்தான் கருப்பட்டி ஆகிறது. ஆனால் அம்மா இறந்தபோது நோட்டீசில் நாங்கள் போட்டது "இல்லத்தரசி". எனக்கே அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

கன்னியாகுமரி_கிராம்பு

கொஞ்சம் இலகுவாக ஒன்று கேட்கலாமா? இவ்வளவு நல்லவராகவே இருந்தாரா அப்பா? ஒரு கெட்ட பழக்கம்கூட இல்லையா? எங்கள் வீட்டில் அப்பா இறந்ததிலிருந்து அம்மா அவர் வெற்றிலை துப்பிய சுவரைக் காட்டித்தான் அழுகிறாள்.

அருமனைக்காரி

சிரித்துவிட்டேன். உண்டு. லாட்டரி.

தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரியை நிறுத்திய பிறகும் அப்பா விடவில்லை. எங்களுக்குக் கேரள எல்லை பக்கம்தானே. வாரம் ஒரு நாள் பனச்சமூடு வழியாக வெள்ளறடைக்கு சைக்கிளில் போய் ஒரே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார். ஒன்றுக்கு மேல் வாங்க மாட்டார், அது அவருடைய ஒழுக்கம். காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பார். முடிவு வருகிற அன்று சாயக்கடையில் மலையாளப் பத்திரிகையை எழுத்துக்கூட்டி நம்பர் பார்ப்பார். மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். ஐநூறு ரூபாய்க்கு மேல் அவருக்கு விழுந்ததாக எங்களுக்கு நினைவில்லை. விழுந்த அன்று மட்டும் சாளை மீனுக்குப் பதில் நெய்மீன் வரும்.

தம்பி இதையெல்லாம் நோட்டீசில் போட்டால் அப்பாவைக் கேலி செய்வது போல ஆகும் என்கிறான். அம்மாவிடம் கேட்டேன். இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன், சூளைத்தீ எழுதியது உட்பட. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "லாட்டரிய எழுது மக்களே. எழுதாம விட்டா அது வேற யாருக்கயோ நோட்டீசு ஆயிரும்" என்றாள். தன்னைப் பற்றி எழுதுவது பற்றிக் கேட்டதற்கு, "எனக்க பேரெல்லாம் வேண்டாம்" என்றாள். கொஞ்சம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "கீழ்வரிசை நான் எடுத்தேன்னு வேணும்னா போடு. அந்தச் சரிவுல அவரால எறங்க முடியாது."

சூளைத்தீ

அம்மாவுக்கு என் வணக்கம்.

அருமனைக்காரி

நேற்று இரவு எழுதி முடித்தேன். தம்பியோடு பெரிய பஞ்சாயத்து நடந்தது. முடிவு இதுதான்: ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் அவன் விருப்பப்படி, "உழைப்பின் சிகரமே" உட்பட. நோட்டீஸ் என் விருப்பப்படி. படம் தங்கை கல்யாணத்தில் எடுத்தது, அந்த வெள்ளைச் சட்டையோடு. வாசகம் கீழே.

"எங்கள் அப்பா ரப்பர் வெட்டுக்காரர். வெளுப்பாங்காலம் மூன்று மணிக்கு எழுந்து முந்நூறு மரம் வெட்டுவார். மேல்வரிசைப் பாலை அப்பா எடுத்தார், கீழ்வரிசைப் பாலை அம்மா எடுத்தாள். இருவரும் சேர்ந்து ஷீட்டு அடித்தார்கள். அம்மா சேர்த்த ஒட்டுப்பாலில் நாங்கள் மூன்று பேரும் படித்தோம். தினமும் வெட்டினால் மரம் கெட்டுப்போகும் என்று, நல்ல வருமானம் வந்த ஒரு வேலையை அப்பா விட்டார். அம்மா கம்மலை விற்று அந்தக் குறையை நிறைத்தாள். அப்பா வாரம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். பெரிதாக ஒன்றும் விழவில்லை. முதலாம் ஆண்டு நினைவு நாளில் வீட்டில் மதியம் சாப்பாடு உண்டு. அப்பாவோடு வேலை செய்தவர்கள் கட்டாயம் வரவும்."

கடைசி வரி தம்பி சேர்த்தது.

பனைவிளை

ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் அக்கா. கையில் இரண்டு நோட்டீஸ் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் சித்தப்பா மாதிரி ஆட்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

நாஞ்சில்நாடன்பன்

நீளம்தான். ஆனால் படித்து முடித்தேன்.

ஒரே ஒரு திருத்தம்: சாப்பாடு எத்தனை மணிக்கு என்று போடவில்லை. அதைப் போடாவிட்டால் வீட்டுக்கு நூறு போன் வரும்.

தூத்தூர்க்கடல்

அக்கா, கீழ்வரிசை வரியை என் அம்மாவிடம் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

ஓய்வுக்காலம்

நல்ல வாசகம். அப்பா வெட்டிய மரம் ஒக்கியில் விழாமல் எங்காவது நின்றால் எனக்குச் சொல்லுங்கள், பட்டையைப் பார்க்க ஆசை.

அருமனைக்காரி

ஓய்வுக்காலம் ஐயா, கடையாலுமூடு போகிற வழியில் ஒரு விளை இருக்கிறது, நாற்பது ஐம்பது மரம் தப்பி நிற்கிறது. உடமைக்காரர் வெளிநாட்டில். வெட்ட ஆள் இல்லாமல் காடு ஏறிக் கிடக்கிறது. நினைவு நாள் கழிந்து வாருங்கள், தம்பி அழைத்துப் போவான். செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டு வாருங்கள், பாம்பு உண்டு.

நாஞ்சில்நாடன்பன் அண்ணா, மணி சேர்த்தாயிற்று. பன்னிரண்டரை.

குலசேகரம்77

இழைக்குச் சம்பந்தம் இல்லாததைக் கேட்கிறேன் என்றால் நிர்வாகிகள் நீக்கிவிடுங்கள். எனக்குக் குலசேகரம் பக்கம் இருநூறு மரம், வெட்டுக்கு வந்து மூன்று வருஷம். வெட்டிக்கொண்டிருந்தவர் வயதாகி நின்றுவிட்டார். ஆறு மாதமாகத் தேடுகிறேன், இளம் ஆட்கள் யாரும் வரவில்லை, வந்தவர் இரண்டு வாரத்தில் மரத்தைக் காயப்படுத்திவிட்டார். அருமனைக்காரி சகோதரி, அப்பாவிடம் வேலை பழகியவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் போதும். மூன்று நாளைக்கு ஒரு முறை என்றாலும் சரி.

அருமனைக்காரி

ஒருவர் இருக்கிறார். அப்பாவிடம் பழகியவர், இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது, திருவனந்தபுரத்தில் பெயின்ட் அடிக்கப் போகிறார். நினைவு நாளுக்கு வருவார். நீங்களும் சாப்பிட வாருங்கள், நேரில் பேசிக்கொள்ளலாம். கூலியை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பால் எடுக்க அவர் மனைவியும் வருவார், அவருக்குத் தனியாக எண்ணிக் கொடுக்க வேண்டும்.